செங்கல் நிலவில் குதித்தவர்கள்

எங்கள் வீட்டில் தினசரி காலண்டர் தாளைக் கிழித்தால் அது குப்பைக்குப் போகாது, என் சட்டைப் பைக்குப் போகும். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே! முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவனின் பழக்கம். அறிவியல் புனைகதையில் ஒரு நிலவோ செயற்கைக்கோளோ தலைகாட்டினால் போதும், புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பென்சிலைத் தேடுவேன். "கதைக்குமா பரீட்சை வைப்பீங்க?" என்பாள் மனைவி.

ஆமாம், பரீட்சைதான். ஒரே கேள்வி: இவ்வளவு தூரத்தில் சுற்றுகிறது என்றால், ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம்?

நிலவை எங்கே வைப்பது என்பது கதாசிரியர் இஷ்டம். வைத்த பிறகு அது சுற்றும் நேரம் அவர் கையில் இல்லை. 1619-ல் கெப்ளர் வெளியிட்ட விதி அதைத் தீர்மானித்துவிடும். வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். பூமியின் மையத்திலிருந்து தரைவரை உள்ள தூரத்தை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். மையத்திலிருந்து துணைக்கோள் எத்தனை மடங்கு தூரத்தில் இருக்கிறதோ, அந்த எண்ணை அதே எண்ணால் இருமுறை பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். அதை 84.4 நிமிடத்தால் பெருக்குங்கள். நம் நிலா சுமார் 60 மடங்கு தூரத்தில் இருக்கிறது. 60-ஐ மும்முறை போட்டுப் பெருக்கினால் 2,16,000. வர்க்கமூலம் 464 சொச்சம். 84.4-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 27 நாள். நிலா ஒரு சுற்று வர ஆகும் நேரமும் அதுதான்.

சுற்றுவது பாறையா, இரும்பா என்ற பேச்சே இந்தக் கணக்கில் இல்லை என்பதைக் கவனியுங்கள். இயற்கைத் துணைக்கோளுக்கும் செயற்கைக்கோளுக்கும் ஒரே வாய்பாடு.

முதல் மாணவர் ஜொனாதன் ஸ்விஃப்ட். 1726-ல் வந்த கலிவரின் பயணங்களில், லபுடா என்ற பறக்கும் தீவின் அறிஞர்கள் செவ்வாய்க்கு இரண்டு நிலவுகள் இருப்பதாகக் கண்டுபிடித்திருப்பார்கள். செவ்வாயின் மையத்திலிருந்து உள் நிலவு 3 விட்ட தூரத்தில், 10 மணி நேரத்துக்கு ஒரு சுற்று. வெளி நிலவு 5 விட்ட தூரத்தில், இருபத்தொன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று. போட்டுப் பார்த்தேன். தூரங்களின் விகிதத்தைக் கனப்படுத்தினால் 4.63, நேரங்களின் விகிதத்தை வர்க்கப்படுத்தினால் 4.62. கெப்ளரைப் படித்துவிட்டுத்தான் மனுஷர் எழுதியிருக்கிறார்! 151 ஆண்டுகள் கழித்து, 1877-ல், ஆசஃப் ஹால் வாஷிங்டனிலிருந்து செவ்வாயின் இரண்டு நிலவுகளை நிஜமாகவே கண்டுபிடித்தார். உள் நிலவான ஃபோபோஸுக்கு ஒரு சுற்று 7 மணி 39 நிமிடம், டெய்மோஸுக்கு 30 மணிக்குச் சற்று மேல்.

ஆனால் ஸ்விஃப்ட் ஓர் இடத்தில் சறுக்கினார். அவ்வளவு தூரத்தில் இருப்பதை 10 மணி நேரத்துக்குள் சுற்ற வைக்க, செவ்வாய் மகா கனமாக இருக்க வேண்டும். கணக்குப்படி ஒரு கன சென்டிமீட்டருக்கு 23 கிராமுக்கு மேல் வருகிறது. தங்கமே 19.3 கிராம்தான்! நிஜச் செவ்வாய் 4 கிராம்கூட இல்லை. நூற்றுக்கு அறுபது போட்டேன்.

அடுத்தவர்தான் எனக்குப் பிரியமானவர்: அமெரிக்கப் பாதிரியார் எட்வர்ட் எவரெட் ஹேல். 1869-ல் அட்லாண்டிக் மந்த்லி இதழில் 'செங்கல் நிலவு' என்ற கதையைத் தொடங்கினார். துருவ நட்சத்திரம் எவ்வளவு உயரத்தில் தெரிகிறது என்று பார்த்தால் மாலுமிக்கு அட்சரேகை தெரிந்துவிடும். தீர்க்கரேகைக்கு அப்படி ஒரு விளக்கு இல்லையே, நாமே ஒன்றை ஏற்றினால் என்ன என்று ஹேலின் பாத்திரங்கள் யோசிக்கிறார்கள். 200 அடி விட்டத்தில் உள்ளே கூடான ஓர் உருண்டை. காற்றில் உரசிச் சூடாகும்போது இரும்பு தாங்காது என்று செங்கல்லால் கட்டுகிறார்கள். ராட்சதச் சக்கரங்களைச் சுழலவிட்டு, கிரீனிச் தீர்க்கரேகைக்கு மேலேயே சுற்றும்படி 4,000 மைல் உயரத்துக்கு எறிவது திட்டம். வேலை முடிவதற்குள் உருண்டை நழுவி, உள்ளே இருந்த 37 பேரோடு கிளம்பிவிடுகிறது. மேலே போனவர்கள் சாகவில்லை. நீளமாகவும் குட்டையாகவும் குதித்து, பூமியில் தொலைநோக்கியோடு நிற்பவர்களுக்கு மோர்ஸ் தந்தி அனுப்புகிறார்கள்!

பென்சிலை எடுத்தேன். 4,000 மைல் உயரம் என்றால் மையத்திலிருந்து இரண்டு மடங்கு. ஒரு சுற்றுக்கு 4 மணி நேரம். அதற்குள் பூமி 60 டிகிரி திரும்பிவிடும். கிரீனிச் ரேகைக்கு மேலே சுற்ற வேண்டிய நிலவு, அடுத்த சுற்றில் கனடாவின் கிழக்கு ஓரத்துக்கு மேலே வந்து நிற்கும். மாலுமி பாவம். குதித்தவர்கள் கதி இன்னும் மோசம். அவ்வளவு சின்ன உருண்டையின் ஈர்ப்பை மீற விநாடிக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் வேகமே போதும். எறும்பு நடை! முதல் எழுத்துக்குக் குதித்தவர் இரண்டாம் எழுத்துக்குத் திரும்பி வந்திருக்க மாட்டார்.

கணக்கில் ஃபெயில். ஆனாலும் வழி தவறியவனுக்கு வானத்தில் ஒரு செயற்கை நிலவு இடம் சொல்லும் என்று, ஸ்புட்னிக் பறப்பதற்கு 88 ஆண்டுகள் முன்பே எழுதியவர் அவர். இன்று உங்கள் போனில் உள்ள ஜிபிஎஸ் அதைத்தான் செய்கிறது. ஒன்று போதாது, குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை வேண்டும்.

மூன்றாமவர் ஆர்தர் சி. கிளார்க். 1956 முதல் 2008-ல் சாகும்வரை இலங்கையில் வாழ்ந்தவர். 1945-ல் அவர் ஒரு கட்டுரையில் இதே கணக்கைத் திருப்பிப் போட்டார். பூமியோடு சேர்ந்து சுற்ற ஒரு நாள் ஆக வேண்டும் என்றால் எவ்வளவு தூரம்? மையத்திலிருந்து சுமார் 42,000 கிலோமீட்டர். அங்கே மூன்று நிலையங்கள் இருந்தால் உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் என்றார். அவற்றில் ஆட்கள் இருந்து வேலை பார்ப்பார்கள் என்று நினைத்தது மட்டும் பொய்த்தது. 1964-ல் சின்காம் 3 என்ற செயற்கைக்கோள் அந்தப் பாதைக்குப் போய்ச் சேர்ந்தது. மொட்டைமாடி டிஷ்ஷை ஒருமுறை திருப்பி வைத்தால் அப்படியே கிடக்கிறதே, அதற்குக் காரணம் அந்தத் தூரம்தான். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து.

அடுத்த முறை சினிமாவில் ஒரு கிரகத்தைச் சுற்றி நிலவோ விண்வெளி நிலையமோ தெரிந்தால், தூரத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். படம் முடியட்டும். அப்புறம் ஒரு காலண்டர் தாளைத் திருப்புங்கள். கணக்கு தப்பினால் கதையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஹேலை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.