கவுன்சிலர் இல்லாத காலம்

திருச்சி பாலக்கரையில் சாக்கடை அடைத்துக்கொண்டால் தெருக்காரர்கள் முதலில் தேடுவது வார்டு கவுன்சிலரைத்தான். அரசியல் அறிவியல் எதைப் படிக்கிறது என்று கேட்பவர்கள் அவர்களுக்குப் பின்னாலேயே போகலாம்.

அந்தப் பக்கம் ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்கால் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. ஊர்க் கழிவுநீர் அதில் கலக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியது மாநகராட்சி. நீர் கெட்டால் கேட்க வேண்டியது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஒரே தண்ணீருக்கு மூன்று அலுவலகங்கள். இந்தப் பங்கீட்டை யார் செய்தது, மக்கள் யாரைப் பிடித்துக் கேள்வி கேட்க முடியும்? அரசியல் அறிவியலின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. கட்சியும் கூட்டணியும் மட்டுமே பாடம் என்று நினைப்பவர்கள் பாதிப் புத்தகத்தைப் புரட்டாமலே மூடிவிடுகிறார்கள்.

கேள்வி கேட்கக் கவுன்சிலர் இருந்தாரா என்று பார்க்க, மாநகராட்சியின் கதைக்கு வருவோம். திருச்சி 1866இல் நகராட்சியானது. 1994இல் ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சியானது. 1992இல் நிறைவேறிய 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சி மன்றங்களுக்கு ஐந்தாண்டு ஆயுள் என்று வரையறுத்தது. அது முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தியாக வேண்டும் என்றும் சொன்னது. எழுத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை.

நடந்தது வேறு. 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தது. இட ஒதுக்கீட்டை ஒட்டிய வழக்கில் தேர்தல் அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு வார்டு மறுவரையறை, மேலும் வழக்குகள், கொரோனா. தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. இடைப்பட்ட ஐந்தாண்டுக்கு மேலான காலத்தில் மன்றத்தின் அதிகாரம் தனி அதிகாரிகளிடம் இருந்தது. திருச்சி மட்டுமல்ல, தமிழகத்தின் எல்லா நகரங்களிலும் இதே கதை.

இதற்கிடையே மேயரை யார் தேர்ந்தெடுப்பது என்ற விதியும் புரண்டுகொண்டிருந்தது. 2011இல் மக்கள் நேரடியாக வாக்களித்தார்கள். 2016இல் கவுன்சிலர்களே தேர்ந்தெடுப்பார்கள் என்றார்கள். 2018இல் மறுபடி மக்கள். 2019இல் மறுபடி கவுன்சிலர்கள். இந்த மூன்று மாற்றங்களும் ஒரே கட்சியின் ஆட்சியில், இடையில் ஒரு மேயர் தேர்தல்கூட நடக்காமலே!

சட்டம் படித்தவர் தேர்தல் தள்ளிப்போனதில் விதிமீறலைப் பார்ப்பார். அரசியல் அறிவியல் படித்தவர் பக்கத்து மாநிலத்தையும் எட்டிப் பார்ப்பார். கேரளம் 2015இல் உள்ளாட்சித் தேர்தல் நடத்தியது. கொரோனாவுக்கு நடுவிலும் 2020 டிசம்பரில் அடுத்ததை நடத்தி முடித்தது. அரசியல் சட்டம் ஒன்றுதான், நடப்பு மட்டும் ஏன் வேறு? அரிஸ்டாட்டில் 158 அரசமைப்புகளைத் தொகுக்கச் செய்ததும் இப்படி ஒப்பிட்டுப் பார்க்கத்தான். கட்சிகளின் கணக்கு, மாநில அரசின் பிடி, கேரளம் தொண்ணூறுகளில் உள்ளாட்சிக்கு ஒதுக்கிய நிதி, வாக்காளரின் பொறுமை என்று காரணங்களைத் தேடப் புறப்பட்டால் இத்துறையின் எல்லாக் கிளைகளும் உள்ளே வந்துவிடும்.

திருச்சியின் 65 கவுன்சிலர்களும் 2022 மார்ச்சில் பதவியேற்றார்கள். சட்டக் கணக்குப்படி அந்த மன்றத்தின் ஆயுள் 2027 மார்ச் வரை. வாசகர்கள் அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

(அடுத்த வாரம்: மாநகராட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?)