கார்த்திகைப் பூ: கண்ணுக்கு அழகு, கிழங்கு நஞ்சு!



ஒரு கொடியைப் பற்றி இந்த முறை பேசப் போகிறோம். வேலியிலும் புதரிலும் தொற்றிக்கொண்டு ஏறும் கொடி. இலையின் நுனி கம்பிச் சுருள் மாதிரிச் சுருண்டு, பக்கத்தில் எது கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளும். அதுதான் இதன் முதல் அடையாளம். பூவுக்கு ஆறு இதழ். ஓரமெல்லாம் அலை அலையாக நெளிந்து, தீக்கொழுந்து போல மேல்நோக்கி மடங்கி நிற்கும். பூத்த புதிதில் அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. நாளாக ஆக முழுப் பூவும் ரத்தச் சிவப்பாகிவிடும்.

இதற்குப் பெயர் ஒன்றிரண்டல்ல. புலவர்கள் காந்தள், செங்காந்தள் என்றார்கள். கார்த்திகை மாசத்தை ஒட்டிப் பூப்பதால் கார்த்திகைப் பூ. கிழங்கு ஏர்க்கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு. பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்ற நம்பிக்கையால் கண்வலிக் கிழங்கு. மலாய்க்காரர்கள் ‘கெம்பாங் சுங்சாங்’ என்பார்கள். தலைகீழ்ப் பூ என்று அர்த்தம்.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் வரிசையாகச் சொல்லப்படும் பூக்களில் முதலாவது இதுதான். முருகனுக்கு உகந்த பூ. தமிழ்நாடு அரசின் மாநில மலரும் இதுவே. இவ்வளவு பெருமை உள்ள செடிதான். ஆனால் வேர் முதல் விதை வரை அத்தனையும் நஞ்சு. அதிலும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கும், காய்க்குள் இருக்கும் விதையும் கொடிய நஞ்சு.

யார் இதைத் தின்னப் போகிறார்கள்?

‘பூச்செடிக் கிழங்கை யாருங்க தின்னப் போறா?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தின்றிருக்கிறார்கள். இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் வள்ளிக்கிழங்கு என்று நினைத்து இதை அவித்துத் தின்று ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. திரும்பி வராதவர்களும் உண்டு. மண்ணோடு தோண்டிப் போட்டால் சின்ன சர்க்கரைவள்ளிக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது.

1966-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற மருத்துவ இதழில், இலங்கையிலிருந்து ஒரு பெண்ணின் கதை வெளிவந்தது. இந்தக் கிழங்கு அவர் வயிற்றுக்குள் போயிருந்தது. எப்படியோ உயிர் பிழைத்தார். ஆனால் தலைமுடி மட்டுமல்ல, உடம்பில் இருந்த முடியெல்லாம் கொட்டிப் போய்விட்டது. முடி வளரும் இடத்தையே தாக்குகிற நஞ்சு, உள்ளே இருக்கும் குடலையும் ரத்தத்தையும் என்ன பாடு படுத்தியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவித்தால் போகாதா?

இந்த இடத்தில்தான் நம் மக்கள் ஏமாந்து போகிறார்கள். நம் பாட்டன் பாட்டி கிழங்கைத் தின்றே உயிர் பிழைத்தவர்கள். ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, அரிசி இல்லாமல் தோட்டத்துச் சனங்களின் வயிற்றை நிரப்பியது மரவள்ளிதான். மரவள்ளியிலும் நஞ்சு உண்டு. தோலை உரித்து, நறுக்கி, தண்ணீரில் ஊறப்போட்டு, நன்றாக அவித்து, அவித்த தண்ணீரைக் கொட்டிவிட்டால் அது பெரும்பாலும் போய்விடும். காட்டில் கிடைக்கும் காடோங் கிழங்கைக்கூட, சீவி நாள்கணக்கில் ஓடுகிற ஆற்றுத் தண்ணீரில் போட்டு நஞ்செடுத்துத் தின்னும் பழக்கம் இந்த நாட்டில் உண்டு.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்ததால், ‘எந்தக் கிழங்கா இருந்தாலும் ஊறப்போட்டு அவிச்சா சரியாப்போயிடும்’ என்ற எண்ணம் நமக்குள் ஊறிக் கிடக்கிறது. மரவள்ளிக்கு அது சரி. கலப்பைக் கிழங்குக்குச் சரிவராது. இதன் நஞ்சு அடுப்புச் சூட்டுக்கு அழியாது. அவித்த கிழங்கைத் தின்றவர்களும் செத்திருக்கிறார்கள். மஞ்சள் போட்டு அவித்தாலும், உப்புப் போட்டு அவித்தாலும், நாள் முழுக்க அடுப்பில் வைத்தாலும் நஞ்சு நஞ்சுதான்.

மருந்தும் இதுதான், நஞ்சும் இதுதான்

இந்த நஞ்சுக்குக் கோல்ச்சிசின் என்று பெயர். பெயரைக் கேட்டதும் வீட்டில் உள்ள பெரியவர்கள் சிலருக்கு ‘அட, இது நம்ம மாத்திரை ஆச்சே!’ என்று தோன்றும். ஆமாம், அதேதான். கால் பெருவிரல் திடீரென்று வீங்கிச் சிவந்து, போர்வை பட்டால்கூட உயிர் போகிற மாதிரி வலிக்குமே, ‘கவுட்’ என்கிற அந்த மூட்டு நோய்க்குக் கிளினிக்கில் கொடுக்கும் சின்ன மாத்திரைதான்.

1820-ஆம் ஆண்டில் பெல்த்தியே, கவாந்து என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் ஐரோப்பாவில் வளரும் ஒரு கிழங்குச் செடியிலிருந்து இந்த மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் அவர்கள் பிரித்தெடுத்த இன்னொன்று எது தெரியுமா? கொயினா! மலேரியாக் காய்ச்சல் தோட்டங்களை உலுக்கிய காலத்தில் நம் முன்னோர் கசக்கக் கசக்க விழுங்கினார்களே, அதே கொயினாதான். பிற்பாடு நம் செங்காந்தளிலும் இந்தக் கோல்ச்சிசின் இருப்பது தெரிய வந்தது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் ஒட்டன்சத்திரம், மூலனூர், வேதாரண்யம் பக்கங்களில் விவசாயிகள் இதை வயலில் பந்தலிட்டுப் பயிர் செய்கிறார்கள். விதையை மருந்துக்காக வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள்.

‘அப்படின்னா கிழங்கே மருந்துதானே? ஒரு துண்டு தின்னா மூட்டு வலி போயிடுமே?’

அவசரப்படாதீர்கள். கணக்கைப் பாருங்கள். டாக்டர் கொடுக்கும் ஒரு மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம். அந்தக் கிழங்கிலோ ஒரு கிராமிலேயே ஒன்று முதல் மூன்று மில்லிகிராம் வரை இருக்கலாம். அப்படியானால் 20 கிராம் எடையுள்ள சின்னத் துண்டு ஒன்றில் 40 மாத்திரை முதல் 120 மாத்திரை வரை அடங்கியிருக்கிறது! ஒரு கிழங்கில் கம்மி, அடுத்த கிழங்கில் அதிகம். பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. பெரட்டுக் களத்தில் பெயர் போடாமல் சம்பளக் கணக்கு எழுத முடியுமா? அது மாதிரிதான் அளவு தெரியாத மருந்தும்.

மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. ‘வயிற்றுப்போக்கு வரும்வரை சாப்பிடு’ என்று ஒரு காலத்தில் சொன்னதுண்டு. இப்போது அந்த முறை கிடையாது. வலி குறையவில்லை என்று நீங்களாக இரண்டு, மூன்று என்று கூட்டாதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கொஞ்சமே அதிகமாகிவிடும். வேறு கிளினிக்கில் தொண்டை வலிக்கோ சளிக்கோ மருந்து வாங்கினால், ‘நான் கவுட் மாத்திரை சாப்பிடுறேன்’ என்று சொல்லிவிடுங்கள். சில கிருமி மருந்துகள் இதோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. மாத்திரைப் பொட்டலத்தைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

கைவைத்தியம்

நம் நாட்டு வைத்தியத்தில் இந்தக் கிழங்குக்கு இடம் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. சித்த வைத்தியர்கள் இதை நச்சு மூலிகை என்றே கணக்கில் வைத்து, மோரில் பல நாள் ஊறப்போட்டுச் சுத்தி செய்த பிறகே மருந்தில் சேர்ப்பார்கள். தலைமுறையாகப் படித்தவர்களே பயந்து பயந்து தொடும் பொருள் அது. சுத்தி செய்தால் நஞ்சு குறையும், அடியோடு போகாது.

வீட்டு வைத்தியமோ வேறு கதை. தேள் கடிக்கு அரைத்துப் போடுவது, பேன் சாக இலைச்சாற்றைத் தலையில் தேய்ப்பது, தோல் வியாதிக்குப் பூசுவது எல்லாம் பழைய பழக்கங்கள். தலையில் சின்னப் புண் இருந்தாலும் நஞ்சு உள்ளே இறங்கும். பேனுக்குக் கடையில் பாதுகாப்பான மருந்து கிடைக்கிறபோது பிள்ளை தலையில் இதை எதற்குத் தேய்க்க வேண்டும்?

தாய்மார்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘பிள்ளை சீக்கிரம் பிறக்கும்’ என்று இந்தக் கிழங்கைத் தொப்புளைச் சுற்றி அரைத்துப் பூசுவது அந்தக் காலத்து வழக்கம். கருவைக் கலைக்க உள்ளுக்குக் கொடுத்ததும் உண்டு. கருவோடு தாயும் போன சம்பவங்கள் அதனால்தான் நடந்தன. எந்தச் சங்கடமாக இருந்தாலும் கிளினிக் நர்ஸிடம் மனம் விட்டுப் பேசுங்கள். வெட்கப்பட்டு உயிரை விடாதீர்கள்.

பாசார் மாலாமில் ‘மூட்டு வலிக்குக் கைகண்ட மருந்து’ என்று தூள் விற்கிறார்கள். பொட்டலத்தில் மால் என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாத தூளில் என்ன கலந்திருக்கிறது என்பது விற்கிறவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

நஞ்சு எப்படி வேலை செய்கிறது?

தின்ற உடனே பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து வாயும் தொண்டையும் எரியும். பிறகு வாந்தி, வயிற்று வலி, தண்ணீராகப் பேதி, சில சமயம் ரத்தமும் போகும். ‘சாப்பாடு ஒத்துக்கல’ என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுத்துப் படுக்க வைத்துவிடுவோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

மறுநாளும் அடுத்தடுத்த நாள்களிலும் சிறுநீர் குறையும், கைகால் தளரும், இதயம் தடுமாறும். ரத்த அணுக்கள் குறைந்துபோவதால் காய்ச்சல் வரும், எங்காவது ரத்தம் கசியும். இதையும் தாண்டிப் பிழைத்தவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் முடி கொட்டும். இந்த நஞ்சை முறிக்கிற தனி மருந்து ஆஸ்பத்திரிகளில் கிடையாது. ஆனால் சீக்கிரம் போனால் கரி மருந்து கொடுத்து உள்ளே ஏறுவதைக் குறைக்கலாம். தண்ணீர் ஏற்றி, ரத்தத்தையும் சிறுநீரகத்தையும் கவனித்துக் காப்பாற்றலாம். ஆகவே நேரம்தான் மருந்து.

வெங்காயம் போல இன்னொன்று

சிலாங்கூர் ஆற்றங்கரையிலும் கடலோரத்திலும் தாமானில் வீட்டு வாசல்களிலும் பாக்கோங் செடியைப் பார்த்திருப்பீர்கள். நீள நீளமான பட்டை இலை, வெள்ளை நிறத்தில் சிலந்திக் கால் மாதிரி இதழ், ராத்திரியில் வாசனை. தமிழில் விஷமூங்கில் என்பார்கள். இதன் அடியில் பெரிய வெங்காயம் போலக் குமிழ் இருக்கும். இலையை எண்ணெய் தடவி வாட்டி வீக்கத்துக்குக் கட்டுவது இங்கேயும் இந்தியாவிலும் உள்ள பழக்கம். வெளியே கட்டுவதோடு சரி. குமிழைக் குழம்பில் போட்டால் வாந்தியும் பேதியும் ஆளைப் புரட்டி எடுத்துவிடும். வெங்காய வாசனை இல்லாத ‘வெங்காயம்’ சமையலுக்கு ஆகாது என்பதை மனதில் வையுங்கள்.

யாராவது தின்றுவிட்டால்

1. வாயில் மிச்சம் இருந்தால் துப்பச் சொல்லி, வாயைக் கொப்பளிக்க வையுங்கள்.

2. விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், தேங்காய் எண்ணெய், முட்டை எதுவும் கொடுக்காதீர்கள்.

3. செடியின் துண்டு, கிழங்கின் மிச்சம், அவித்த சட்டியில் இருப்பது எதுவானாலும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டருக்கு அதுதான் சாட்சி.

4. எத்தனை மணிக்கு, எவ்வளவு தின்றார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதே சட்டியில் வேறு யார் தின்றார்கள் என்றும் விசாரியுங்கள். அவர்களையும் கூட்டிப் போங்கள்.

5. ஆள் நன்றாக இருக்கிற மாதிரி தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள். 999-க்கு அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் ஆஸ்பத்திரிக்கு விடுங்கள். நம் பக்கத்துக்குத் தஞ்சோங் காராங், சுங்கை பூலோ மருத்துவமனைகள் இருக்கின்றன. லோரியோ மோட்டாரோ, கௌரவம் பார்க்க வேண்டாம்.

6. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது. அதன் எண் 1-800-88-8099. இதை வெட்டிச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

வருமுன் காப்போம்

இதைப் படித்துவிட்டுக் கத்தியோடு போய்க் கொடியை வெட்டித் தள்ள வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. முருகன் பூவை முருகனுக்கு வையுங்கள். ஆனால் மரவள்ளி, சர்க்கரைவள்ளி போட்ட பாத்திக்குப் பக்கத்தில் இதை நடாதீர்கள். கிழங்கைத் தோண்டி எடுத்தால் சமையல்கட்டுப் பக்கம் வைக்காதீர்கள். கையுறை போட்டுத் தோண்டி, பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டி, ‘பார்க்கலாம், தின்னக் கூடாது’ என்று சொல்லிக் கொடுங்கள்.

இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து நம்மோடு செம்பனையில் பாடுபடும் தோழர்கள் கைச்செலவைக் குறைக்கக் காட்டுக் கீரை, கிழங்கு பறித்துச் சமைக்கக்கூடும். இந்த மண்ணின் செடி அவர்களுக்குப் புதிதாக இருக்கலாம். அவர்களுக்கும் கையோடு காட்டிச் சொல்லுங்கள்.

பத்தாங் பெர்ஜுந்தாய் 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. லயத்தை விட்டுத் தாமானுக்குப் போன குடும்பங்கள் எத்தனையோ. தோட்டத்து டிரெஸ்ஸரின் மருந்துக் கொட்டகையை நம்பியிருந்த காலமும் மலையேறிவிட்டது. ஆனால் போகிற இடத்துக்கெல்லாம் பாட்டியின் கைவைத்தியத்தையும் ஒரு பூச்செடியையும் நாம் கையோடு கொண்டு போகிறோம். கொண்டு போங்கள், தப்பில்லை. கூடவே எது சோறு, எது மருந்து, எது நஞ்சு என்ற அறிவையும் கொண்டு போங்கள். அளவு தெரிந்தவர் கையில் இருந்தால்தான் அது மருந்து. நம் சமையல்கட்டில் அந்த அளவைப் பார்க்கும் தராசு கிடையாது!