உங்களுக்குத் தெரியுமா? மல்லிகைக்கு வேர் தரும் தங்கச்சிமடம்

தமிழகத்து வீட்டு முற்றங்களிலும் தோட்டங்களிலும் மணக்கும் குண்டுமல்லிச் செடிகள் பலவற்றின் பிறப்பிடம், இராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடம் ஆகும். குண்டுமல்லி பெரும்பாலும் விதை கட்டுவதில்லை என்பதால், முற்றிய கிளையைச் சிறு குச்சிகளாக நறுக்கி மணற்பாத்தியில் நெருக்கமாக ஊன்றி, நாள்தோறும் நீர் தெளித்து வேர்விடச் செய்கின்றனர். மணல் இளகியது என்பதால், நாற்றைப் பிடுங்கும்போது வேர் அறுவதில்லை. நாற்புறமும் கடல் சூழ்ந்த இடத்தில் இது இயல்வதற்குக் காரணம், மணலில் இறங்கும் மழைநீர், அடர்த்தி குறைந்ததாகையால், அடியிலுள்ள உப்புநீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதந்து நிற்பதேயாகும். அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலேறிவிடும்.

மல்லிகை நாற்றோடு மட்டுமன்றி, மரக்கன்று நடவோடும் இத்தீவுக்குத் தொடர்புண்டு. இங்குப் பிறந்த அப்துல் கலாமின் தூண்டுதலால் நடிகர் விவேக் முன்னெடுத்த 'கிரீன் கலாம்' இயக்கம், 1 கோடி மரக்கன்றுகளை இலக்காகக் கொண்டு ஊர்தோறும் மாணவரையும் பொதுமக்களையும் நடவில் ஈடுபடுத்தியது. இராமேஸ்வரத்திலேயே விவேகானந்த கேந்திரத்தின் 'பசுமை இராமேஸ்வரம்' திட்டம், பழைய தீர்த்தங்களைச் சீரமைக்கும் பணியோடு மரம் வளர்ப்பையும் இணைத்துள்ளது.

இத்தீவின் கடற்கரைக்கு அலங்காரச் செடிகளைத் தொலைவிலிருந்து தேட வேண்டியதில்லை. வெண்ணிறப் பூக்கள் மணக்கும் புன்னையும், காலையில் மஞ்சளாக மலர்ந்து வாடுகையில் செந்நிறமாகும் பூவைக் கொண்ட பூவரசும் உப்புக்காற்றைத் தாங்குபவை; நெய்தல் நிலத்துக்குரிய அடும்புக்கொடியோ, ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூக்களோடு மணல்மேட்டில் படர்ந்து, கணுதோறும் வேரூன்றி மணலைப் பிணிக்கிறது.