கலயத்துக்குள் ஒரு பூச்சு

பீர் காய்ச்சுகிறவருக்கு முதல் வேலை, தானியத்தின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவது. அதற்காகத்தான் பார்லியை முளைகட்டி, உலர்த்தி, வெந்நீரில் ஊறவைக்கிறார்கள். ஜப்பானில் சாகே வடிக்கிறவர்கள் சோற்றில் கோஜி என்னும் பூஞ்சையைப் படரவிட்டு அதே வேலையை வாங்குகிறார்கள். திருச்செந்தூர், உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டுப் பனைக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. பாளையிலிருந்து சொட்டும் சாற்றிலேயே பத்து சதவீதத்துக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. ஈஸ்ட்டையும் யாரும் சேர்ப்பதில்லை. காற்றிலும் பூச்சிகளின் காலிலும் சாறு பிடிக்கும் பழைய கலயத்தின் சுவரிலும் அது தயாராக இருக்கும். சாறு விழ விழவே நொதிக்கத் தொடங்கி, சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாகிவிடும். ஓரிரு நாள் விட்டால் அசிட்டிக் அமில பாக்டீரியாக்கள் அதைக் காடியாக்கிவிடும்.

இந்த ஓட்டத்தை நிறுத்துவது சுண்ணாம்பு. கலயத்தின் உட்புறத்தில் அதைத் தடவிக் கட்டினால் சாறு காரத்தன்மை அடைகிறது. ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அதில் பெருக முடியாது. சர்க்கரை சர்க்கரையாகவே நிற்கும். அதுதான் பதநீர்.

பனையேறி காலில் தளைநாரும் இடுப்பில் அரிவாள்பெட்டியுமாக ஏறுகிறார். ஆண் பனையென்றால் பாளையைக் கடிப்பு என்னும் கருவியால் இடுக்கி நசுக்கிப் பதப்படுத்துவார். பிறகு தினமும் நுனியை மெல்லிய வில்லையாகச் சீவ வேண்டும். வெட்டுவாய் காய்ந்தால் சாறு நின்றுவிடும். ஆழமாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். மரத்தின் உச்சியில் நின்றபடி கை காட்டும் இந்த நிதானத்தை, எந்த மதுவாலை வல்லுநரின் நுட்பத்துக்கும் குறைந்ததென்று நான் ஒப்பமாட்டேன்.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. பக்கத்துக் கேரளத்தில் உரிமத்தோடு கள்ளுக்கடைகள் நடக்கின்றன. பெங்களூரில் உணவகத்துக்குள்ளேயே பீர் காய்ச்சி ஊற்றுகிறார்கள். இங்கே அதே சாற்றுக்குச் சுண்ணாம்புப் பூச்சு இல்லையென்றால் வழக்கு. பனை நம் மாநில மரம் என்பதை நினைக்கும்போது இது எனக்கு உறுத்துகிறது.

ஆனால் சுண்ணாம்பின் வேலை சட்டத்தோடு முடிவதில்லை, பதநீரைக் கருப்பட்டியாகக் காய்ச்சும் குடிசையான விடிலியிலும் தொடர்கிறது. அங்கே மணிக்கணக்கில் நின்று காய்ச்சுவது பெரும்பாலும் பெண்கள். பொங்கி வழியாமலிருக்க நசுக்கிய ஆமணக்கு முத்தைப் போடுவார்கள். சுண்ணாம்பு குறைந்து சாறு லேசாகப் புளித்திருந்தால், அதிலுள்ள சுக்ரோஸ் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைந்துவிடும். பிறகு எவ்வளவு காய்ச்சினாலும் பாகு சிரட்டையில் இறுகாமல் பிசுபிசுக்கும். சுண்ணாம்பு கூடினாலோ நிறம் கறுத்து, நாக்கில் காரல் தட்டும். அதனால் அடுப்பேற்றுமுன் ஒரு வாய் ருசி பார்ப்பது வழக்கம். புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டியின் தரம் பாதிக்கு மேல் அந்த ஒரு வாயில் தெரிந்துவிடும்.