உத்தியோகமும் உரிமையும்

சென்னையினின்று பெங்களூர் செல்லும் பெருவழியிலே, இராமாநுசர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர் இருக்கின்றது. இன்று அவ்வூர் தொடங்கி ஒரகடம் வரையிலும் மோட்டார் வண்டிகளும் மின்சாதனங்களும் செய்யும் ஆலைகள் நிறைந்துள்ளன. அவ்வூரிலேயே தாலுகா கச்சேரியும் உண்டு. நம் கல்லூரியினின்று வெளியேறுவோருட் சிலர் கச்சேரியை நாடுவர். சிலர் ஆலையை நாடுவர். சர்க்கார் உத்தியோகம் அசையாச் சொத்து என்றும், ஆலை வேலை நீர்மேற் குமிழி என்றும் பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் எவ்வளவு மெய்யென்பதை ஆராய்வோம்.

சர்க்கார் ஊழியர்க்குரிய காவல் அரசியற் சட்டத்தின் 311-ஆம் பிரிவாகும். ஒருவரை நியமித்த அதிகாரிக்குக் கீழ்ப்பட்டவர் அவரை நீக்கலாகாது. குற்றச்சாட்டை அறிவித்து, மறுமொழி கூற நியாயமான வாய்ப்பளித்து, விசாரித்த பின்னரே நீக்கவோ பதவியிறக்கவோ கூடும். கேளாமுன் ஒருவனைத் தீர்ப்பிடல் தகாதென்று நிக்கொதேமு பரிசேயர்முன் வாதாடியதை நாம் அறிவோம். அந்நீதியே இங்குச் சட்டமாய் நிற்கின்றது. ஆயினும் விலக்குகள் மூன்று உள. குற்றவழக்கில் தண்டனை பெற்றமை ஒன்று. விசாரணை நடத்துதல் இயலாதென்று காரணத்தை எழுத்திற் பதிவு செய்தல் ஒன்று. இராஜ்யத்தின் பாதுகாப்பு ஒன்று.

நிற்க. இக்காவல் பெற்றவர்க்கு இல்லாததொன்று உண்டு. அது வேலைநிறுத்த உரிமை. ஓய்வூதியம் முதலிய சலுகைகள் குறைக்கப்பட்டமையால், 2003 ஜூலையில் தமிழ்நாட்டு அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்தனர். சர்க்கார் அவசரச் சட்டம் பிறப்பித்து, ஏறத்தாழ 1,70,000 பேரை விசாரணையின்றியே நீக்கிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. அவ்வாண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள், அரசு ஊழியர்க்கு வேலைநிறுத்தம் செய்ய உரிமை இல்லையென்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மன்னிப்புக் கோரி உறுதிமொழி எழுதித் தந்தவருட் பெரும்பாலார் மீளவும் வேலை பெற்றனர். அசையாச் சொத்தென்பதும் அசைந்ததன்றோ!

ஆலைத் தொழிலாளர் நிலை இதற்கு மாறானது. 1918-இல் பின்னி ஆலைத் தொழிலாளர் நலங்கருதி வாடியா, திரு. வி. கலியாணசுந்தரனார் முதலியோர் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை நிறுவினர். அச்சங்கத்தார்மேல் ஆலையார் தொடுத்த வழக்கு, 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் பிறத்தற்குக் காரணங்களுள் ஒன்றாயிற்று. சட்டம் விதித்தபடி முன்னறிவிப்புத் தந்து வேலைநிறுத்தம் செய்தல் தொழிலாளர்க்கு இயலும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையிலுள்ள தொழிலுறவுத் தொகுப்புச் சட்டப்படி, அவ்வறிவிப்பு 14 நாட்களுக்கு முன் தரப்படல் வேண்டும்.

சுங்குவார்சத்திரத்துச் சாம்சங் ஆலைத் தொழிலாளர், தம் சங்கம் ஏற்கப்படல் வேண்டுமென்று 2024 செப்டம்பர் 9-ஆம் நாள் தொடங்கி ஐந்து வாரத்திற்கு மேல் வேலைநிறுத்தம் செய்தனர். 2025 ஜனவரியில் அச்சங்கம் பதிவாயிற்று. கச்சேரிக் குமாஸ்தாவுக்கு இல்லாத உரிமை அவர்க்கு இருந்தது.

எனினும், ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். தவறு செய்தவனை விசாரிக்க விதியுண்டு. ஆலையே மூடப்படின் எவரை விசாரிப்பது? சர்க்காருக்கோ மூடுதல் இல்லை.

இவ்விரு திறத்தாரினும் நிலை தாழ்ந்தோர் ஒப்பந்த ஊழியர். அவர் ஆலையிலும் உளர்; கச்சேரியிலும் உளர். 311-ஆம் பிரிவு பொதுவாக அவர்க்குத் துணையாவதில்லை. ஒப்பந்தக்காரர் கூலி கொடாவிடின் வேலை வாங்கிய நிறுவனமே அதனைக் கொடுக்கக் கடவது என்னும் விதி அவர்க்குண்டு. அதனை அறிந்தோர் சிலரே.

ஆகவே, மாணவ நண்பர்காள், சம்பளம் எவ்வளவென்று வினவுமுன், நியமன உத்தரவைத் தருபவர் யாவர், நீக்க வல்லவர் யாவர் என்று வினவுங்கள். அவ்வுத்தரவைப் பத்திரமாய்ப் பாதுகாத்து வையுங்கள். குற்றச்சாட்டு மெமோ வரின் அஞ்சி வாளாவிராது, குறித்த நாளுக்குள் எழுத்தில் மறுமொழி தாருங்கள். விசாரணைக்குத் தவறாது செல்லுங்கள். கேட்கப்படும் உரிமையைச் சட்டம் தரும். பேச வேண்டியவர் நாமே. நாளை அதிகாரிகளாய் அமர்வோரும் உங்களுட் சிலர் இருப்பீர். அப்பொழுது, பிறர் சொல்லையும் கேட்டபின்னரே கையொப்பமிடுங்கள்.