விற்பதற்கான வீடும் வாழ்வதற்கான வீடும்

வீட்டை அலங்கரித்தல் என்று நாம் பொதுவாகக் கூறுவது உண்மையில் இரண்டு வேறுபட்ட காரியங்களைக் குறிக்கின்றது. அவ்வீட்டில் வாழ்கின்றவர் தமது வசதிக்கும் விருப்பத்துக்கும் ஏற்ப அதனை ஒழுங்குசெய்வது ஒன்று. அவ்வீட்டை விட்டுச் செல்லவிருப்பவர், முன்பின் அறியாத ஒருவர் சில நிமிடங்கள் பார்த்துவிட்டு விலைபேச வேண்டும் என்பதற்காக ஒழுங்குசெய்வது மற்றொன்று. கொழும்பில் தொடர்மாடி வீடுகளின் விலை கோடிகளில் பேசப்படுகின்ற இக்காலத்தில், இவ்விரண்டையும் பிரித்தறியாதிருப்பது வாழ்நாள் சேமிப்பை முதலிடுகின்ற குடும்பங்களுக்குப் பெரும் நட்டத்தை ஏற்படுத்தக்கூடும்.

இரண்டாவது காரியம் வட அமெரிக்காவில் 'ஹோம் ஸ்டேஜிங்' என்ற பெயரில் ஒரு தனித்தொழிலாகவே வளர்ந்துள்ளது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த வீடு விற்பனை முகவரான பார்ப் ஸ்வார்ட்ஸ் என்னும் பெண்மணி 1970 களில் இதனைத் தொடக்கி வைத்தவராகக் கருதப்படுகின்றார். நாடகத்துக்கு அரங்கு அமைப்பது போன்று விற்பனைக்கு வீட்டை அமைப்பது என்பதே அப்பெயரின் பொருள். குடும்பப் புகைப்படங்கள் அகற்றப்படும். சுவர்களுக்கு எவரது கண்ணையும் உறுத்தாத வெளிர்நிறம் பூசப்படும். நிறைந்து வழியும் அலுமாரி வீட்டில் இடம் போதாது என்பதைக் காட்டிக் கொடுத்துவிடும் என்பதால் அதிலுள்ள பொருள்களில் அரைவாசி வேறிடத்துக்குப் போய்விடும். அறை பெரிதாகத் தோன்றுவதற்காகச் சிறிய கட்டிலும் மெலிந்த கதிரைகளும் வாடகைக்கு எடுத்து வைக்கப்படும். பட்டப்பகலிலும் மின்விளக்குகள் அனைத்தும் எரியும். எஞ்சிய வேலையை அகன்ற கோணத்தில் படம்பிடிக்கும் கமரா பார்த்துக்கொள்ளும்.

கனடாவில் எம்மவர் செறிந்து வாழ்கின்ற ஸ்காபரோ, மார்க்கம் பகுதிகளில் வீடு விற்க முனையும் தமிழ்க் குடும்பங்களும் இந்த முறைக்குப் பழக்கப்பட்டுள்ளன. சுவாமிப் படங்கள் பெட்டிக்குள் போகின்றன. கறித்தூள் மணம் சுவரில் தங்கிவிடும் என்பதற்காக, வாங்குவோர் வந்துபோகும் நாட்களில் சமையலே நிறுத்தி வைக்கப்படுவதும் உண்டு. ரொறன்ரோ பெரும்பாகத்தில் 2022 பெப்ரவரியில் வீடொன்றின் சராசரி விலை 13 இலட்சம் கனேடிய டொலரைத் தாண்டியிருந்தது. அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் 0.25 சதவீதமாக இருந்த கனடா மத்திய வங்கியின் வட்டிவீதம் 2023 யூலையில் 5 சதவீதத்தை எட்டியது. வாங்குவோர் குறைந்தனர், விலையும் இறங்கியது. அத்தகைய சந்தையில் விற்பவர் தமது அடையாளத்தை ஒளித்தேனும் வீட்டைக் கவர்ச்சியாக்க முற்படுவதைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும் சொந்த வீட்டிலேயே வாரக்கணக்கில் விருந்தாளியைப் போன்று வாழ்வது சிறிய துன்பமன்று.

இந்தச் செலவும் சிரமமும் விலையாகத் திரும்பி வருகின்றனவா என்பதே கேள்வி. மார்க் லேன், மைக்கல் செய்லர், விக்கி செய்லர் ஆகியோர் 2015 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரே வீட்டின் சுவர் நிறத்தையும் தளபாடங்களையும் மாத்திரம் மாற்றி எண்ணூறுக்கும் மேற்பட்டோருக்குக் கணினியில் காட்டினர். மென்னிறமும் நல்ல தளபாடங்களும் அவ்வீட்டைப் பற்றிய அபிப்பிராயத்தை உயர்த்தின. ஆனால் கொடுக்க முன்வந்த விலையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அலங்காரத்தினால் விலை உயரும் என்ற நம்பிக்கை மட்டும் முகவர்களிடமும் வாங்குவோரிடமும் ஒருங்கே நிலவியமை விந்தையே. வீடு விரைவில் கைமாறுவதற்கு அலங்காரம் உதவக்கூடும். விரைவின் பயன் விற்பவருக்கு மட்டுமன்றி முகவருக்கும் உரியது என்பதை மறந்துவிடலாகாது.

வாழ்வதற்கான அலங்காரத்துக்கு இத்தகைய அவசரம் இல்லை. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கொழும்பு பகதலே வீதியை அண்டிய 33 ஆம் ஒழுங்கையில், நான்கு சிறு வீடுகளைக் கொண்ட வரிசையில் ஒன்றை 1958 இல் வாங்கினார். பின்னர் அடுத்த வீட்டையும், ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து எஞ்சியவற்றையும் அதனுடன் சேர்த்துக்கொண்டார். செட்டிநாட்டுத் தூண்களும், அவுஸ்திரேலிய ஓவியர் டொனால்ட் ஃப்ரெண்ட் வரைந்த கதவுகளும், பயணங்களில் சேர்ந்த பொருள்களும் காலப்போக்கில் அங்கு இடம்பிடித்தன. விற்பனை அலங்காரக்காரர் ஒருவர் அவ்வீட்டினுள் நுழைந்திருப்பாராயின் முதலில் அகற்றச் சொல்லியிருக்கக்கூடியவை, இன்று பார்வையாளர்கள் கட்டணம் செலுத்திக் காணவருகின்ற அப்பொருள்களாகவே இருந்திருக்கும்.

பாவாவின் வசதி எல்லோருக்கும் வாய்க்காது என்பது உண்மையே. ஆனால் எமது வீடுகளின் முன் ஹாலைச் சற்று எண்ணிப்பாருங்கள். பொலித்தீன் உறை கழற்றப்படாத சோபா, ஒருநாளும் வெளியே எடுக்கப்படாத கோப்பைகள் அடுக்கிய கண்ணாடி அலுமாரி. பிள்ளைகள் படிப்பதோ குசினி மேசையில். விற்கும் எண்ணம் சிறிதுமில்லாத வீட்டிலும் சிறந்த அறையை அந்நியரின் பார்வைக்கு ஒப்படைத்துவிடும் வழக்கம் எம்மிடம் நெடுநாளாகவே உண்டு.

வாங்குபவர் செய்யவேண்டியது அரங்கை விடுத்துக் கட்டடத்தைப் பார்ப்பதாகும். வெள்ளவத்தை, தெஹிவளைப் பகுதிகளில் கடலை அண்டிய தொடர்மாடிகளில் உப்புக்காற்று யன்னல் கம்பிகளையும், காலப்போக்கில் கொங்கிறீற்றினுள் உள்ள இரும்பையும் அரிக்கின்றது. புதிதாகப் பூசிய வர்ணம் அதனைச் சில மாதங்களுக்கு மறைத்து வைக்கும். மற்றெல்லாச் சுவர்களும் பழையனவாயிருக்க ஒரு சுவர் மாத்திரம் புதிதாகப் பூசப்பட்டிருந்தால் காரணம் கேட்கவேண்டும். விளக்குகளை அணைத்துவிட்டு அறைகளைப் பார்க்கவேண்டும். காட்சிக்கு வைத்த கட்டிலை நம்பாது, தமது கட்டிலின் நீள அகலத்தைக் குறித்துச் சென்று அளவுநாடாவினால் அளக்கவேண்டும்.

யாழ்ப்பாணத்திலோ பார்க்கும் மாதமே அலங்காரமாகி விடுகின்றது. நல்லூர்த் திருவிழாவையொட்டி ஆடி, ஆவணியில் வெளிநாட்டிலிருந்து வந்து காணியும் வீடும் பார்ப்பவர்கள் கார்த்திகை, மார்கழி மழையில் வளவுக்குள் எவ்வளவு வெள்ளம் நிற்கும் என்பதைக் காண்பதில்லை. அதனை அயலவரிடம் கேட்டே அறியவேண்டும். கிணற்று நீரின் உவர்ப்பை அந்த வரட்சியிலேயே சுவைத்துப் பார்த்துவிடலாம்.

தொடர்மாடியாயின் முகாமைக் கூட்டுத்தாபனத்தின் கணக்கையும் கேட்டுப் பார்த்தல் அவசியம். மின்தூக்கி பழுதடைந்தால் திருத்துவதற்கு நிதி உள்ளதா, விற்பவர் செலுத்தவேண்டிய மாதாந்தப் பராமரிப்புக் கட்டணம் நிலுவையில் உள்ளதா என்பவற்றை, முற்பணம் கொடுப்பதற்கு முன்னரே நொத்தாரிசு மூலம் எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.