ஸ்லைடைப் பார்க்கும் கண்கள்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைக் கண்டறிய, ‘பாப் ஸ்மியர் எடுத்துக்கொண்டீர்களா?’ என்று பெண்களைக் கேட்கும் முகாம்கள் பெருகி வருகின்றன. நல்லது. ஆனால் எடுத்த ஸ்லைடை யார் பார்க்கிறார், ஒரு நாளைக்கு எத்தனை பார்க்கிறார் என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு ஸ்லைடில் பல்லாயிரம் செல்கள் படிந்திருக்கும். அவற்றில் கோளாறானவை சில சமயம் பத்தோ இருபதோதான் இருக்கும். உட்கரு பருத்து, விளிம்பு கோணலாகி, சாயம் ஏறிக் கறுத்த அந்தச் சிலவற்றைத் தேடி டெக்னீஷியன் ஸ்லைடை வரிசை வரிசையாக நகர்த்திப் பார்க்க வேண்டும். ஓர் ஓரம் விட்டுப்போனாலும் ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் போய்விடக்கூடும். அதை நம்பி வீடு திரும்பும் பெண், அடுத்த சோதனைக்கு வர வருடங்கள் ஆகும்.

முகாமில் சாம்பிள் எடுப்பவருக்கும் இதில் பொறுப்பு உண்டு. தடவிய கையோடு ஸ்லைடை 95 சதவீத ஆல்கஹாலில் போட்டாக வேண்டும். காற்றில் உலரவிட்டால் செல் உப்பி, உட்கரு மங்கிவிடும். அதன்பின் எவ்வளவு தேர்ந்த கண்ணும் பயன்படாது.

மருத்துவர் ஜார்ஜ் பாபநிகோலாவ் 1928-இல் பாப் ஸ்மியர் முறையைச் சொன்னபோது மருத்துவ உலகம் பொருட்படுத்தவில்லை. 1940-களில்தான் ஏற்றுக்கொண்டது. பல ஆண்டுகள் அவரது ஆய்வுக்குத் தன் செல்களைத் தந்தவர் மனைவி ஆண்ட்ரோமகி. அவ்வளவு பொறுமையில் பிறந்த சோதனை, பின்னாளில் அவசரத்திடம் சிக்கியது. ஸ்லைடு கணக்கில் கூலி வாங்கிக்கொண்டு வேகவேகமாகப் பார்த்துத் தள்ளிய அமெரிக்க லேப்களைப் பற்றி 1987-இல் செய்தி வெளியானது. மறு ஆண்டே அங்கே சட்டம் வந்தது. அதன் விதிப்படி ஒருவர் 24 மணி நேரத்தில் 100 ஸ்லைடுக்கு மேல் பார்க்கக் கூடாது. அந்த நூறையும் எட்டு மணி நேரத்துக்குக் குறைவாக முடிக்கக் கூடாது.

இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸைக் கண்டறியும் எச்.பி.வி. சோதனை வந்துவிட்ட பிறகு இந்தக் கவலை எதற்கு என்பார்கள். உலக சுகாதார நிறுவனமும் 2021-இல் அதையே முதல் சோதனையாகப் பரிந்துரைத்தது. ஆனால் கழுத்துக் கட்டி, தைராய்டு, நுரையீரல் நீர் என எதில் சந்தேகம் வந்தாலும் சாம்பிள் அதே டெக்னீஷியனின் மைக்ராஸ்கோப்புக்கடியில்தான் போகிறது.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை செய்துகொண்டவர்கள் 10 சதவீதத்துக்கும் குறைவு. இந்த எண்ணிக்கை உயர்ந்தே ஆக வேண்டும். உயர்ந்தால், ஸ்லைடுகளும் அதே டெக்னீஷியன்களின் மேசையில்தான் குவியும். ஆகவே முகாம் நடத்துவோர், எத்தனை பெண்கள் வந்தார்கள் என்பதோடு, எத்தனை பேர் எவ்வளவு நேரம் செலவிட்டு ஸ்லைடுகளைப் பார்த்தார்கள் என்பதையும் அறிவிக்கட்டும்.